குழாயடி முதல் கன அடி வரை

பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'பருப்பொருளின் பண்புகள்' அலகைத் தொட்டதும் வகுப்பில் ஒரு சோர்வு விழுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பாகுநிலை, வரிச்சீர் ஓட்டம், ரெனால்ட்ஸ் எண், பெர்னௌலி தேற்றம் என்று வரையறைகள் வரிசைகட்டி வரும். பிள்ளைகள் உருப்போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் குழாயிலிருந்து விழும் தண்ணீர் கீழே வரவர ஏன் மெலிகிறது என்று கேட்டால், "காத்து அழுத்துது சார்" என்று பதில் வரும்.

இந்த அத்தியாயம் பாடத்தின் வரிசையைத் தலைகீழாக்குகிறது. திருவண்ணாமலைப் பிள்ளை நாள்தோறும் பார்க்கிற ஒரு காட்சியில் தொடங்குங்கள். என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு ஊகத்தை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் போதாது. விடை தெரிந்த பிறகு எல்லோரும் 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்பார்கள். அதன்பிறகு அளவெடுங்கள். சமன்பாடும் அதன் பெயரும் கடைசியில் வரட்டும். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு நடத்தினார். கையில் இருந்தது ஒரு மெழுகுவத்தி. நமக்கு அகல் விளக்கு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, அபிஷேகம் இருக்கிறது, முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அணையும் இருக்கிறது. ஸ்கேல், லிட்டர் குவளை, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் எம்-சீல், ஒரு செல்போன் இருந்தால் போதும். ஆய்வகத்தின் பூட்டைத் திறக்கவே வேண்டாம்.

குழாயடி

பள்ளிக் குழாயைக் கண்ணாடிக் கம்பி போல் நீர் விழும் அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். நீர்த்தாரையை ஒட்டி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் தாரையின் தடிமனை மில்லிமீட்டரில் படிக்கலாம். நேரடியாக ஸ்கேலை வைத்து அளக்கப் போனால் விரல் பட்டுத் தாரை கலைந்துவிடும்.

உரையாடல் இப்படிப் போகலாம்:

"தண்ணி கீழ வர வர வேகம் கூடுமா, குறையுமா?"

"கூடும் சார். விழுதில்ல!"

"மேல ஒரு வினாடிக்கு எவ்ளோ தண்ணி போகுதோ, கீழயும் அவ்ளோதான் போகணும். நடுவுல ஒளிஞ்சிக்க இடமில்ல. அப்போ?"

"மெலிஞ்சாத்தான் சார் கணக்கு சரியா வரும்."

தொடர்ச்சிச் சமன்பாடு முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. இனி எண்களுக்கு வருவோம். குழாய் வாயில் தாரையின் விட்டம் 10 மி.மீ., அதற்கு 10 செ.மீ. கீழே 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு. ஆகவே வேகம் நான்கு மடங்கு. 10 செ.மீ. விழுந்ததால் கூடிய வேகத்தை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரிந்த இயக்கச் சமன்பாடு தரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் குழாய் வாயில் நீரின் வேகம் வினாடிக்கு 36 செ.மீ. என்று வரும். அதைக் குழாய் வாயின் பரப்பால் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 28 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் நிறைய 35 வினாடி ஆக வேண்டும்.

இப்போது குவளையை வைத்து நேரம் பாருங்கள். ஒரு புகைப்படத்தை மட்டும் பார்த்துக் குவளை எப்போது நிறையும் என்று சொல்லிவிட முடிகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காணும் இடம் இது. ஐந்து வினாடி முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் விடை எவ்வளவு நகரும் என்று அவர்களையே கணக்குப் போட வையுங்கள். பிழைக் கணக்கீட்டுக்குத் தனிப் பாடவேளை ஒதுக்கத் தேவையில்லை.

அதே குழாயை மெல்ல மெல்ல அதிகமாகத் திறந்தால் கண்ணாடி போலிருந்த தாரை ஒரு கட்டத்தில் சொரசொரப்பாகி, சத்தமும் மாறும். மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாயக்கோடு விட்டுப் பார்த்தது இந்த மாற்றத்தைத்தான். ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 2,000-ஐத் தாண்டினால் குழாய்க்குள் சுழற்சி ஓட்டம் தொடங்கலாம் என்று புத்தகம் சொல்லும். நம் மெல்லிய தாரைக்கே கணக்குப் போட்டால் 4,500 வரும். ஆனாலும் அது கண்ணாடி போலத்தான் இருக்கிறது. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இதைப் பிடித்துவிட்டால் மழுப்பாதீர்கள். அந்த எல்லை மதில்சுவர் அல்ல. நீரை அசையாமல் நிறுத்தி, வாய் அகன்ற குழாயின் வழியே விட்டு, 10,000-க்கு மேலும் கோடு கலையாமல் ரெனால்ட்ஸே பார்த்திருக்கிறார்.

கன அடி

மழைக்காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடும் வாசகம்: 'சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி நீர் திறப்பு'. அந்தக் 'கன அடி' எவ்வளவு என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். நம் பள்ளிக் குழாயில் வந்தது வினாடிக்கு 28 மில்லிலிட்டர். அப்படிப்பட்ட ஆயிரம் குழாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வினாடிக்கு ஒரு கன அடி.

தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, உள்ளே வந்தும் நகராமல் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின.

இந்த எண்ணை வகுப்பில் பிரித்துப் பார்க்க ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம். வினாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியாக எண்ணினால் வினாடிக்கு ஏறக்குறைய 400 லாரி. நம் குழாய்க் கணக்கில் 16.8 கோடி குழாய். கழுத்துவரை நிறைந்த அணை, புதிதாக ஒரு சொட்டும் வராமல், இதே வேகத்தில் காலியானால் எவ்வளவு நேரம் தாங்கும்? 7,321 மில்லியனை 1.68 லட்சத்தால் வகுத்தால் சுமார் 43,600 வினாடி, அதாவது 12 மணி நேரம். இந்த விடை கரும்பலகையில் விழுந்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். 'அப்படியானால் ஏன் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை?' என்ற கேள்வி கட்டாயம் எழும். அரசியல் விவாதமாக்காமல் கணக்காகவே நடத்துங்கள்: உள்வரத்து, வெளியேற்றம், மீதமிருக்கும் இடம். தொடர்ச்சிச் சமன்பாட்டின் இன்னொரு முகம் அது.

டீக்கடை

மத்தலாங்குளத் தெருவானாலும் செங்கம் சாலையானாலும் டீ மாஸ்டர் கை ஒன்றுதான். மேல் கையிலிருந்து கீழ் கைக்கு ஒரு முழத்துக்கும் மேலாகத் தாரை நீளும். கீழே வரவர மெலியும். பிள்ளைகள் இதற்குள் காரணம் சொல்லிவிடுவார்கள். ஆகவே அடுத்த கேள்விக்குப் போங்கள்: அவ்வளவு நீளத்துக்கும் அது ஏன் துளித்துளியாக உடையவில்லை? குழாயை நூல் அளவுக்குத் திறந்தால் ஒரு சாண் போவதற்குள் முத்து முத்தாக உடைகிறதே? பரப்பு இழுவிசை எந்தத் தாரையையும் துளியாக்கத்தான் பார்க்கிறது. தடித்த தாரையை உடைக்க அதற்கு அதிக நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைப்பதற்குள் டீ கீழ் குவளைக்கு வந்துவிடுகிறது. செல்போனின் ஸ்லோமோஷன் வசதியில் இரண்டையும் படம் பிடித்து ஒப்பிடலாம். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணே, பசங்க பாடத்துக்காகப் படம் எடுக்கணும்" என்றால் இன்னும் உயரமாக ஆற்றிக் காட்டுவார்கள்.

வாய் மடிக்காத பாத்திரத்திலிருந்து மெதுவாக ஊற்றினால் டீ பாத்திரத்தின் வயிற்றோடு ஒட்டி வழிந்து மேசையை நனைக்கும். பரப்பு இழுவிசைதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் விளிம்பில் ஓட்டம் வளையும் இடத்தில் திரவத்துக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று அதைப் பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது என்று கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் 1957-இல் காட்டினார். அதே புதிருக்காக 1999-இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நம் டம்ளரிலும் டபராவிலும் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருப்பதைப் பிள்ளைகள் இனி வேறு கண்ணோடு பார்ப்பார்கள். மடித்த விளிம்பு, மழுங்கிய விளிம்பு, எண்ணெய் தடவிய விளிம்பு என்று மூன்றையும் ஊற்றிப் பார்க்கட்டும்.

அபிஷேகம்

பாகுநிலையைக் கற்பிக்க இந்த ஊரை மிஞ்சிய இடம் இல்லை. தண்ணீர், பால், நல்லெண்ணெய், தயிர், தேன், சந்தனம் எல்லாம் ஒரே கல்லின்மேல் அடுத்தடுத்து வழிவதைப் பிரதோஷம்தோறும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வகுப்பில் ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் விட்டு, எது எப்போது கீழே வந்து சேர்கிறது என்று குறித்தாலே வரிசை கிடைத்துவிடும். நல்லெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப் போல் ஐம்பது மடங்கு அளவில் இருக்கும். தேனுடையது ஆயிரக்கணக்கான மடங்கு. எண்ணெய்க் கிண்ணத்தைக் கொஞ்சநேரம் வெந்நீரில் வைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் நேரம் வெகுவாகக் குறையும்.

தயிரும் சந்தனமும் இந்த வரிசையில் அடங்காமல் முரண்டு பிடிக்கும். அவைதான் பாடத்தின் சுவையான பகுதி. சந்தனக்காப்பு செங்குத்தான கல்லின்மேல் வழியாமல் எப்படி நிற்கிறது? 'ரொம்பக் கெட்டி' என்பது பதில் ஆகாது. தேனும் கெட்டிதான், காத்திருந்தால் அது இறங்கிவிடும். சந்தனம் இறங்காது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளினால்தான் அது ஓடவே தொடங்கும். தன் எடை மட்டும் அதற்குப் போதாது. தயிரைக் கடைந்தால் இளகி ஓடும். நியூட்டனின் பாகுநிலை விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பதினோராம் வகுப்புப் புத்தகம் விரித்துச் சொல்லாத பகுதியை இங்கே சொல்லிவிடலாம்.

அக்னி நட்சத்திர நாட்களில் அண்ணாமலையார் கோயிலில் தாராபிஷேகம் நடக்கும். மேலே தொங்கும் பாத்திரத்தின் அடித்துளை வழியே நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். இதையொட்டி ஒரு சோதனை. பக்கம் நேராக உள்ள பாட்டிலின் அடியில் காம்பஸ் முனையால் 3 மி.மீ. துளையிட்டு, நீர் மட்டத்தின் பாதியில் ஒரு கோடு போடுங்கள். மேல் பாதி காலியாக ஒரு நிமிடம் ஆனால், கீழ்ப் பாதிக்கு எவ்வளவு ஆகும்? பெரும்பாலோர் ஒரு நிமிடம் என்றே எழுதுவார்கள். அளந்தால் இரண்டு நிமிடத்துக்கும் மேலே போகும். நீர் வெளியேறும் வேகம் மேலுள்ள உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று டாரிசெல்லி 1644-இல் எழுதினார். அதன்படி கீழ்ப் பாதிக்கு மேல் பாதியைப் போல் 2.4 மடங்கு நேரம் ஆகும்.

இங்கே ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை. 20 செ.மீ. உயரத்துக்கு வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று கணக்கு சொல்லும். அதைத் துளையின் பரப்பால் பெருக்கிவிட்டு நீரைப் பிடித்துப் பார்த்தால் எதிர்பார்த்ததில் அறுபது சதவீதம் அளவுதான் இருக்கும். சோதனை தோற்றுவிடவில்லை. துளையைத் தாண்டியதும் தாரை சுருங்குகிறது. துளைக்கு அருகே படம் எடுத்தால் சுருக்கம் தெரியும். இது தெரியாமல் வகுப்புக்குப் போனால் திண்டாட நேரும்.

இன்னொன்று. 'நம் முன்னோர்கள் டாரிசெல்லிக்கு முன்பே எல்லாம் அறிந்திருந்தார்கள்' என்று இந்த இடத்தில் பேசத் தோன்றும். வேண்டாம். துளையிட்ட வட்டிலைக் கொண்டு நாழிகை கணக்கிட்டார்கள் என்பது உண்மை. அதையே பெருமையாகச் சொல்லலாம். சமன்பாட்டை அவர்கள் மடியில் வைக்கத் தேவையில்லை.

திரி

கார்த்திகையில் 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றும் மகா தீபம் 11 நாள் எரிகிறது. கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் போகின்றன. மார்கழியை ஒட்டிய இரவில் உச்சியில் நெய் உறைந்து கிடக்குமே, பிறகு எப்படித் திரியில் ஏறுகிறது? ஃபாரடே மெழுகுவத்தியை வைத்துக் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். சுவாலையின் சூடு அருகிலுள்ள நெய்யை உருக்கிக் குளமாக்குகிறது. குளத்திலிருந்து நுண்புழை ஏற்றம் அதைத் துணி இழைகளின் வழியே மேலே இழுக்கிறது. மேலே ஆவியானதுதான் எரிகிறது.

வகுப்புக்கு ஒரு பழைய வேட்டித் துண்டு போதும். விரல் அகலப் பட்டையைக் கண்ணாடித் தகட்டின்மேல் படுக்க வைத்து, ஒரு முனையை மட்டும் நல்லெண்ணெயில் நனையவிடுங்கள். ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று 1, 4, 9-ஆம் நிமிடங்களில் கோடு போட்டால் தூரங்கள் ஏறக்குறைய 1, 2, 3 என்ற விகிதத்தில் அமையும். தூரம் இரு மடங்காக நேரம் நான்கு மடங்கு. இழுக்கும் விசை மாறுவதில்லை; ஆனால் பின்னால் இழுத்துக்கொண்டு வர வேண்டிய எண்ணெயின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. உஜாலா கலந்த தண்ணீரில் இன்னொரு பட்டையை வைத்தால் வேகம் பலமடங்கு கூடும், விகிதம் மாறாது. புதுத் துணியானால் ஒரு தடவை துவைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி போட்ட துணி ஏமாற்றும்.

சுவாலையின் ஆட்டத்தையும் விடாதீர்கள். அகல் சுடர் படபடவென்று துடிக்கும்; சொக்கப்பனை பெருமூச்சு விடுவதுபோல் மெதுவாக எழுந்து எழுந்து அடங்கும். தீயின் அடி அகலம் ஒரு மீட்டரானால் வினாடிக்குச் சுமார் ஒன்றரை முறை; அகலம் நான்கு மடங்கானால் அந்த எண்ணிக்கை பாதி. வீடியோ எடுத்து எண்ணிப் பார்க்கலாம், தள்ளி நின்று.

பெர்னௌலி எனும் சர்வரோக நிவாரணி

'வேகம் கூடினால் அழுத்தம் குறையும்' என்ற ஒரு வரியை வைத்து உலகத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உதட்டுக்குக் கீழே வளைந்து தொங்கும் காகிதத்தின் மேல் ஊதினால் அது எழும்புகிறது, ஆகவே பெர்னௌலி என்கிறோம். அதே காகிதத்தை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் ஊதச் சொல்லுங்கள். காகிதம் ஊதின பக்கம் வந்து ஒட்டாது. கேம்பிரிட்ஜின் ஹோல்கர் பாபின்ஸ்கி 2003-இல் ஆசிரியர்களுக்காக எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்தார். வாயிலிருந்து வரும் காற்றும் அறையில் நிற்கும் காற்றும் வேறுவேறு. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கட்ட முடியாது. வளைந்த காகிதம் எழும்பக் காரணம், ஓட்டம் வளைவைப் பின்பற்றித் திரும்புவதுதான்.

புயலில் கூரை பறக்கும் உதாரணம் தேறும். அங்கே ஒரே காற்றோட்டம்தான் கூரை மேல் ஏறி வேகம் கூட்டுகிறது. ஆனால் காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் உள்ளிருந்தும் கூரை தள்ளப்படும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும்; வகுப்பில் சரியானது தெரியட்டும்.

மலைச்சரிவு

2024 டிசம்பர் 1 அன்று அதே ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. இந்தப் பாடத்தை நடத்துமுன் அந்தத் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவர்களிடம் தனியாகப் பேசிவிட்டு, வேண்டாமென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

ஒரு தட்டில் மணலைச் சரிவாகக் குவியுங்கள். காய்ந்த மணல் 30 பாகையை ஒட்டி நிற்கும். கொஞ்சம் ஈரமாக்கினால் செங்குத்தாகவே நிற்கும். மணிகளுக்கு இடையிலுள்ள நீர்த்திவலைகள் பரப்பு இழுவிசையால் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. இனி அடியில் வைத்த சிறு ரப்பர் குழாய் வழியாக மெதுவாக நீர் விடுங்கள். இடைவெளி முழுக்க நீர் நிறைந்ததும் அந்தப் பிடிப்பு போய்விடும். நீரின் அழுத்தமே மணிகளை விலக்கத் தொடங்கும். சரிவின் ஊடே நீர் கசிந்து ஓடும்போது அது தாங்கக்கூடிய சாய்வு, காய்ந்த மணலுடையதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். முன்பு உறுதி தந்த தண்ணீரே இப்போது சரித்துவிடுகிறது.

கிரிவலப் பாதையிலும் மலையடித் தெருக்களிலும் தடுப்புச் சுவர்களின் அடிப்பகுதியில் சிறு பி.வி.சி. குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தை இறக்கிவிடுவதற்காக வைத்தவை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அனுப்பி, தங்கள் தெருவில் எந்தச் சுவரில் துளை இருக்கிறது, எதில் இல்லை, எது குப்பையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது என்று பட்டியல் எடுத்து வரச் சொல்லுங்கள். சுவரின் உயரத்தையும் குறித்துவரச் சொல்லுங்கள். 2 மீட்டர் சுவரின் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால் அடியில் அழுத்தம் எவ்வளவு என்பது மறுநாள் கணக்கு. அந்தப் பட்டியலின் ஒரு நகல், மழைக்கு முன்பே, தலைமையாசிரியர் கையெழுத்துடன் மாநகராட்சிக்குப் போகட்டும்.